முகத்துவாரத்துச் சாப்பாடு

கடல்நீரை மெல்லிய வலையில் சலித்து, அதில் சிக்கும் துளி உயிர்கள் என்ன சாப்பிட்டன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வறுத்த வஞ்சிரத்தை முள் தள்ளித் தின்கிறவர்கள் அது எதைத் தின்று வளர்ந்தது என்று யோசித்ததில்லை. வஞ்சிரம் நெத்திலியைத் தின்கிறது. நெத்திலி, கடுகை விடச் சிறிய துடுப்புக்காலிகளைத் தின்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான பூச்சிகள் அவை. துடுப்புக்காலிகள் தண்ணீரில் மிதக்கும் பாசித் துகளைத் தின்கின்றன. அந்த அடிமட்டத்துப் பந்தியில் யாருக்கு வயிறு நிறைந்தது, யார் பட்டினி என்று பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை.

மெரினாவுக்கு நேரே, பெசன்ட் நகருக்கு நேரே, பிறகு அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் என்று வலை போடத் திட்டம் வைத்திருந்தேன். முகத்துவாரத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார் என் வழிகாட்டி. அவருடைய இளவயது ஆய்வே அங்கேதான். அங்குள்ள துடுப்புக்காலிகளின் குடல் காலியாக இருக்கிறது, ஆற்றுச் சாக்கடையில் அவற்றுக்கு உணவே கிடையாது என்று எழுதித்தான் பெயர் வாங்கினார்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் பிறந்தது அந்த முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் சாக்கடையோரம் என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே இருக்கும் அடுக்குமாடிக்கு எங்களை ஏற்றி அனுப்பினார்கள். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் நாங்கள் சமைத்தோம், குழாயடியில் சண்டை போட்டோம், பரீட்சைக்குப் படித்தோம். சாருக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை. பாவம் என்று பார்த்துக் கொடுக்கிற அனுமதி எனக்கு வேண்டாம்.

அவருடைய பழைய கட்டுரையை எடுத்து, செய்முறைப் பகுதியை வரிவரியாகப் படித்தேன். வலையில் வந்ததைக் கெடாமல் வைக்க அப்படியே ஃபார்மலின் மருந்தில் போட்டிருக்கிறார். உயிரோடு ஃபார்மலினில் விழுந்த துடுப்புக்காலி துடிதுடித்து, வயிற்றில் இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுத்தான் சாகும். அதனால் முதலில் மயக்க வேண்டும். அதற்குக் கடையில் விற்கிற, குடிக்கிற சோடா போதும்; அதிலுள்ள வாயுவே மயக்கிவிடும். நானாகக் கண்டுபிடித்த வித்தையில்லை இது. மற்றவர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான். சாரிடம் சொன்னேன். சோடா ஊற்றுவதெல்லாம் ஒரு செய்முறையா என்று கேட்டார். முகத்துவாரத்தைச் சேர்த்தால் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் எனக்குப் பட்டம் இல்லை.

மறுநாளே மந்தைவெளியில் ஒரு கடையில் சோடா வாங்கினேன். கடைக்கார அண்ணாச்சி, வீட்டில் ஏதும் விசேஷமா என்று விசாரித்தார். விடியற்காலையில் முகத்துவாரத்துக்குப் படகு ஓட்டி வந்த அண்ணன் நான் செய்வதையெல்லாம் வேடிக்கை பார்த்தார். வலையில் வந்ததை இரண்டு பாட்டிலாகப் பிரித்தேன். ஒன்றில் நேராக ஃபார்மலின். இன்னொன்றில் முதலில் சோடா, அவை மயங்கி அடியில் இறங்கிய பிறகு ஃபார்மலின்.

"இன்னாம்மா, பூச்சிக்கு சோடா குட்த்துகினு கீற? அதுக்கு அஜீரணமா?"

"ஆமாண்ணா. துன்னது வெளிய வரக்கூடாதுல்ல," என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

தனியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அது போதாது. சார் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனித் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்து அவரைக் கூப்பிட்டேன். முதல் தட்டில் கண்ணாடி போன்ற உடல்கள், காலிக் குடல்கள், சுற்றிலும் அவை போட்டுவிட்டுப் போன கழிவு மணிகள். இரண்டாவது தட்டில் ஒவ்வொன்றின் குடலும் முட்ட முட்ட நிறைந்திருந்தது. பச்சையாகப் பாசி, பழுப்பாக ஆறு கொண்டுவந்த மக்கல். கிடைத்ததையெல்லாம் தின்றிருந்தன. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சார் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தணிந்த குரலில், முகத்துவாரத்தைச் சேர்த்துக்கொள், ஆனால் சோடா ஊற்றாத பாட்டிலைப் பற்றி மட்டும் எழுதாதே என்றார். அவர் அப்படி இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. தலையாட்டியிருந்தால் அவர் கையெழுத்து அன்றைக்கே உறுதியாகியிருக்கும்.

ஆனால் அந்தப் பாட்டிலை விட்டுவிட்டால், அவர் காலத்தில் அவை பட்டினி கிடந்தன, இப்போது சாப்பிடுகின்றன, ஆறு தேறிவிட்டது என்றல்லவா ஊரே படிக்கும்? ஆறு ஒன்றும் தேறவில்லை. இரண்டு பாட்டிலையும் எழுதுவேன் என்றேன்.

அவர் மறுபடி முதல் தட்டைப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு நான் பார்த்ததெல்லாம்?"

"அன்னிக்கும் சாப்பிட்டுட்டுத்தான் இருந்திருக்கும் சார். நீங்க கொன்ன விதம்தான் தப்பு."

ஒரு மழைக்காலம் கழிந்துதான் கையெழுத்துப் போட்டார். அதுவரை ஆய்வேட்டிலிருந்து நான் ஒரு வரியைக்கூட நீக்கவில்லை.