அக்காவின் எண்ணை நான் சொன்ன நாள்

செமினி மலையடிவாரத்துக் கார் நிறுத்துமிடத்தில், சரியாக விடிவதற்கு முன்பே, அக்கா மஞ்சள் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு "பதினாலு, பதினாலு" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்குக் கொடுக்கப்பட்ட எண். எனக்குப் பதின்மூன்று. பதினெட்டுப் பேர் கொண்ட கூட்டத்தில் எண்ணை ஒத்திகை பார்த்த ஒரே ஆள் அவள்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஆறு நாற்பதுக்கும் கிளம்பவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். ரயில்வேயில் வேலை பார்த்த அத்தான் இறந்து பதினோரு வருடமாகிறது. பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள், ஒருநாள் திடீரென்று மலைமுகட்டு நடைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, "நீயும் வாடா, தனியா போக ஒரு மாதிரி இருக்கு" என்று போன் செய்தாள். எனக்கு ஷா ஆலமில் ஒரு கிடங்கில் வேலை. எந்த லோரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து அனுப்புவேன். ஐந்து நிமிடம் சும்மா நின்றால் என் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். என் மனைவி என்னோடு பாசாருக்குக் காய்கறி வாங்க வருவதை நிறுத்தியே பல வருடமாகிறது.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் நீட்டி முழக்கவில்லை. "ரூல் ஒண்ணுதான் லா. ஒவ்வொரு தடவ நிக்கும்போதும் நம்பர் கூப்பிடுவேன். உங்க நம்பர உங்க வாய்தான் சொல்லணும். புருஷனுக்குப் பொண்டாட்டி, பொண்டாட்டிக்குப் புருஷன், அதெல்லாம் கூடாது. வழி தவறிட்டா, இருந்த இடத்துலயே உக்காந்துக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முகட்டுக்கு ஏறியதும் பேச்சு தானாகவே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் ஒற்றையடிப் பாதை, இடுப்பளவு லாலாங் புல். கீழே புதிதாக எழும்பிய வீடுகள் பனிக்குள் கிடந்தன. அந்த அமைதி மற்றவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கு அது தாங்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. அக்காவோ பத்தடிக்கு ஒருமுறை நின்று எதையாவது பார்த்தாள். "வா அக்கா, வா அக்கா" என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. கடைசியில் அலுத்துப்போய் அவளை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

மூன்றாவது நிறுத்தத்தில் மேற்கே வானம் கறுத்திருந்தது. வழிகாட்டி அவசரமாக எண்களைக் கூப்பிட்டார். கடைசி ஆளாக வரவேண்டிய உதவியாளர், கால் பிடித்துக்கொண்ட ஒருவரைத் தாங்கியபடி கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தார். "பதிமூணு" என்றேன். அடுத்த எண்ணுக்குச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். புல்லுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் தொப்பி தெரிந்தது. வந்துகொண்டுதான் இருக்கிறாள் என்று நினைத்து, "பதினாலு" என்று நானே சொல்லிவிட்டேன். காற்றுச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. பதினைந்து, பதினாறு என்று எண்ணிக்கை ஓடிவிட்டது.

அங்கிருந்து இருபது நிமிடம் இறங்கியபின் அடுத்த நிறுத்தம். பதினாலு என்ற இடத்தில் மறுபடியும் மௌனம். நான் பார்த்த தொப்பி இன்னொரு பெண்மணியுடையது. தொப்பிகள் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் கொடுத்திருந்தார்கள். "அப்போ முன்ன பதினாலு சொன்னது யாரு?" என்று வழிகாட்டி கேட்டார். நான்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஒரே ஒரு ரூல்தானே அண்ணே சொன்னேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட்டத்தை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் இருவரும் மேலே திரும்பினோம். தூறல் தொடங்கிவிட்டது. தூரத்தில் இடி. திறந்த முகட்டில் மின்னல் நேரத்தில் ஒரு மனுஷி தனியாக நிற்கிறாள், அதற்கு நான் காரணம். ஓடப் பார்த்தேன். "எனக்குப் பின்னாடியே வாங்க, நீங்களும் விழுந்தா நான் யாரத் தூக்குறது?" என்று அவர் தடுத்துவிட்டார். அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று. அந்த நடையில்தான், எட்டு வருடமாக நான் நினைக்காமலேயே ஒதுக்கி வைத்திருந்த ஒருவர் என் நினைவுக்கு வந்தார்.

அவர் அக்காவோடு அதே பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியர். மனைவியை இழந்தவர், கிறிஸ்தவர், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். ஒரு சனிக்கிழமை காலை கிள்ளானில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அக்காவை மணந்துகொள்ள விரும்புவதாகவும், முதலில் குடும்பத்தில் சொல்லிவிட்டு அவளிடம் கேட்கலாம் என்று வந்ததாகவும் சொன்னார். நான் கேட்டைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "அக்காவுக்கு அந்த நெனப்பெல்லாம் இல்ல சார்" என்றேன். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அன்று எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. அக்காவிடம் இதைச் சொல்லவே இல்லை. அந்த வருட முடிவிலேயே அவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால், மழைச்சட்டையைப் போர்த்திக்கொண்டு அக்கா உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஏன்டா இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வழிகாட்டி அவள் கையையும் காலையும் பார்த்துவிட்டு, இடி விலகட்டும் என்று சொல்லிச் சற்றுத் தள்ளிப்போய் வானத்தைப் பார்த்து நின்றார்.

"நம்பர் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுடா" என்றாள் அக்கா. "சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட. எல்லாரும் எறங்குற சத்தமும் கேட்டுச்சு. பின்னாடியே ஓடி வந்திருக்கலாம். ஏன் ஓடணும்னு இருந்துச்சு, உக்காந்துட்டேன்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அந்த ஆசிரியர் வந்ததையும் நான் சொல்லி அனுப்பியதையும் மழையில் நின்றபடி கொட்டிவிட்டேன். அவள் பிஸ்கட் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "தெரியும். திங்கக்கெழமையே அவரு வந்து, ஒங்க தம்பிகிட்ட பேசினேன், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டாரு" என்றாள். பிறகு, "நீயே வந்து சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள். இந்த எட்டு வருடங்களில் அவள் என்னைக் குத்திய ஒரே வார்த்தை அதுதான்.

"நான் அன்னைக்கே உன்னக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றேன். அவள் குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினாள். அந்தச் சிறிய இடைவெளியில்கூட என் மனம் அவளுக்கான பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தது. சம்மதித்திருக்கமாட்டாள், ஊர் என்ன சொல்லும் என்று யோசித்திருப்பாள் என்று. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. அதற்குள் இடி விலகியிருந்தது. வழிகாட்டி கை காட்டியதும் அவள் எழுந்து அவர் பின்னால் இறங்கத் தொடங்கினாள். நான் அவள் வேகத்துக்கே, ஒவ்வோர் அடியாக, பின்னால் இறங்கினேன். கால் துடித்தது, ஆனால் முந்தவில்லை.

அந்தப் பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை என்றே தோன்றுகிறது. சில இரவுகளில் தூக்கம் வராமல் புரளும்போது, அவள் 'சரி' என்று சொல்லியிருந்தால் எந்த ஊரில், எப்படிப்பட்ட வீட்டில் இருந்திருப்பாள் என்று யோசிப்பேன். அக்கா இப்போது மாதம் ஒருமுறை அதே கூட்டத்தோடு மலைக்குப் போகிறாள். என்னைக் கூப்பிடுவதில்லை.

போன வாரம் மனைவி, "ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு உங்க அக்கா வராங்களா? எத்தன பேருக்குச் சமைக்கணும்?" என்று கேட்டாள். வருவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். திருமணமான நாளிலிருந்து நான் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன், அக்காவும் வந்திருக்கிறாள். இந்த முறை போனை எடுத்து அவளையே கேட்டேன். மறுமுனையில் அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. என் கால் ஆடிக்கொண்டே இருந்தது, ஆனாலும் காத்திருந்தேன்.

"இல்லடா, நான் வரல" என்றாள் அக்கா. என்னுடைய ஐம்பத்திரண்டு வயதில், அவள் எனக்கு 'இல்லை' என்று சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.