ஃப்ரீசரில் இருந்த நெற்றி எலும்பு

அன்று திங்கட்கிழமை. டீப் ஃப்ரீசரைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடிக்கவில்லை. உள்ளே இரண்டு பாக்கெட், இரண்டும் நனைந்து கிடந்தன. ஒன்று பழையது, யாரும் தேடி வராதது. இன்னொன்று செல்வத்துடையது.

புனேயில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் அட்டெண்டராக இருந்தேன். இங்கே அட்டெண்டரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், டாக்டர் உட்பட. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. செல்வம்

செல்வம் புனே பக்கத்துத் தொழிற்பேட்டையான சாகணில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஆள். ஊர் திண்டுக்கல் பக்கம். பைக்கிலிருந்து விழுந்ததில் மூளை வீங்கிவிட்டது. உயிரைக் காப்பாற்ற வலது நெற்றி எலும்பை உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்தார்கள். வீக்கம் வடிந்ததும் அதே எலும்பைத் திரும்ப வைப்பார்கள். அதுவரை ஃப்ரீசரில் இருக்கும். ஃப்ரீசர் என் பொறுப்பு.

மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்து நெற்றி குழியாகிவிட்டது. குல்லா போட்டுக்கொண்டுதான் வருவான்.

"திருநீறு வச்சா குழிக்குள்ள போயிருதுண்ணே" என்று சிரிப்பான்.

அவன் மனைவி கலா சிரிக்க மாட்டாள். அவளுக்கு இந்தி வராது. ஒவ்வொரு தடவையும் என்னைத் தேடி வந்து கேட்பாள்.

"எலும்பு நல்லா இருக்காண்ணே?"

"பத்திரமா இருக்கும்மா."

ஒரு நாளும் திறந்து பார்த்துச் சொன்னதில்லை. வாய்ப் பழக்கம்.

அடுத்த மாதக் கடைசிக்குள் ஃபிட் சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை உண்டு என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் புதன்கிழமை என்று முடிவாகியிருந்தது.

2. அலாரம்

கதவு திறந்திருந்தாலும் கரண்ட் போனாலும் ஃப்ரீசர் கத்தும். சிஸ்டர்களுக்கு எரிச்சல். "மாமா, அதோட வாய மூடுங்க" என்பார்கள். சனிக்கிழமை உள்ளே பனியைச் சுரண்டும்போது அலாரத்தை அமர்த்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். ஞாயிறு கரண்ட் போய் வந்தது. கரண்ட் வந்த பிறகும் ஃப்ரீசர் ஓடவில்லை. கத்தவும் இல்லை.

3. டாக்டர் அறை

டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். செல்வத்தையும் கலாவையும் வரச்சொல்லி, பேசுவதைத் தமிழில் சொல்ல என்னையும் கூப்பிட்டார். உள்ளே போகும் முன் இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

"எலும்பு கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க மாமா. ஏன்னு வேண்டாம்."

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அடியில் எலும்பு இருந்து மேலே பள்ளம் மட்டும் என்றால் ஃபில்லர் ஊசி போடலாம், உடம்புக் கொழுப்பை எடுத்து நிரப்பலாம். இங்கே எலும்பே இல்லை, அதனால் இரண்டும் ஆகாது. எலும்பில் பூசும் போன் சிமெண்ட் சின்ன ஓட்டைக்குத்தான் சரி. டைட்டானியம் வலை சீக்கிரம் வைக்கலாம். ஆனால் அவனுக்குத் தோல் மெலிசு, நாள்பட வலை வெளியே துருத்தும். சி.டி. ஸ்கேன் அளவில் பிளேட் செய்து வைப்பதுதான் நல்லது. அது வர ஆறு வாரம். அதுவரை தலையில் அடி படக்கூடாது.

எல்லாம் சொல்லிவிட்டு, டாக்டர் சொல்லாததையும் சொன்னேன்.

"ஃப்ரீசர் நின்னு போச்சும்மா. அலாரத்த நான்தான் அமத்தினேன். திரும்பப் போடல."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஃப்ரீசர், அலாரம் என்றது காதில் விழுந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

கலா என் பக்கம் திரும்பினாள்.

"பத்திரமா இருக்குன்னு சொன்னீங்களேண்ணே."

செல்வம் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆறு வாரமா?" என்று மட்டும் கேட்டான்.

மேட்ரனிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

பிளேட்டை ஆஸ்பத்திரியே செய்து கொடுத்தது. நன்றாக உட்கார்ந்தது. தையல் பிரித்த பிறகு ஒரு நாள் காட்ட வந்தார்கள். குல்லா இல்லை. திருநீறு நெற்றியில் நேராக இருந்தது.

"வேலை?" என்றேன்.

"வேற ஆளப் போட்டுட்டாங்கண்ணே. ஊருக்குப் போறோம்."

கலா அன்றைக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, காலையில் வந்ததும் ஃப்ரீசரைத் திறந்து ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட்டுப் பார்ப்பேன். அலாரம் கத்தினால் கத்தட்டும், அமர்த்த மாட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அன்றைக்குக் கண்ணால் பார்க்காத பொருளைப் பத்திரமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.