முற்றம் இல்லாத ஆதரவாளர்கள்

1. சுத்தியல்

தேர்தல் வேலையில் என் பகுதி சைன். அதாவது, வேட்பாளரின் பெயர்ப் பலகையை ஆதரவாளர் வீட்டு முற்றத்துப் புல்லில் அடிப்பது. கனடாவில் ரொறன்ரோவை ஒட்டியிருக்கும் மார்க்கம் நகரில் ஐந்து தேர்தல்களுக்கு அடித்திருக்கிறேன். முதலில் கதவைத் தட்ட வேண்டும், ஆளோடு கதைக்க வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும். சுத்தியல் அதற்குப் பிறகுதான்.

அருள்தாஸ் நகரசபைக்கு இரண்டாவது தடவையாக நின்றார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், நல்ல மனிதர். இந்த முறையும் தோற்றால் இனி நிற்பதில்லை என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

வாக்களிப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருடைய மச்சான் குகன் பேஸ்புக் லைவ் தொடங்கினார். திரை முழுக்க இதயங்கள் பறந்தன. மறுநாள் காலை அருள்தாஸ் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, கதவு தட்டுறதை நிப்பாட்டுவம். சனம் முழுக்க லைவில நிக்குது. இதயம் போட்ட ஆக்களுக்கு சைன் அடிச்சாக் காணும்."

2. எந்த ஸ்ட்ரீட்?

குகன் தந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தேன். முதலாமவர் உற்சாகமான மனிதர்.

"உங்கட வீட்டுக்கு முன்னால ஒரு சைன் அடிக்கலாமோ?"

"ஓம், ஓம், ரெண்டாய் அடியுங்கோ! அருள் எங்கட பெடியனல்லோ!"

"எந்த ஸ்ட்ரீட் அண்ணை?"

"நான் பாரிஸில இருக்கிறன் தம்பி. அஞ்சாம் மாடி."

அடுத்தவர் ஒஸ்லோ. அதற்கடுத்தவர் சிட்னி. கடைசியில் ஒருவர் கனடாவில் அகப்பட்டார். சந்தோஷத்தோடு விசாரித்தால், சென் ஜேம்ஸ் ரவுண் என்கிற அடுக்குமாடித் தொகுதியில் இருபதாம் மாடி. அவருக்கு வாக்கு ரொறன்ரோவில், முற்றம் எங்குமே இல்லை.

விஷயத்தைச் சொன்னபோது குகன் சிரித்தார். "உது உங்களுக்கு விளங்காது அண்ணை. பாரிஸில இருக்கிறவை இஞ்ச இருக்கிற சொந்தக்காரருக்குச் சொல்லுவினம்."

அந்த இடத்தில் நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று பின்னேரம் நான் சைன் அடிப்பதைக் குகன் வீடியோ எடுத்துப் போட்டார். பத்து வருடமாக என்னைத் தேடாத சொந்தங்கள் எல்லாம் போன் எடுத்து, "கலக்கிறியள்" என்றன. அதன் பிறகு கமெரா வராமல் நான் சுத்தியலைத் தூக்கவில்லை. வெளிச்சம் சரியில்லை என்று ஒரே சைனை ஒரே முற்றத்தில் மூன்று தரம் பிடுங்கி அடித்தேன். மார்க்கத்தின் யூனியன்வில் பகுதியில் என் பொறுப்பிலிருந்த ஒரு முழுத் தெரு தட்டப்படாமலே கிடந்தது.

3. பிடுங்கும் நாள்

அருள்தாஸ் தோற்றார். வெல்வதற்குக் குறைந்த வாக்குகளை அவருடைய பஸ்ஸிலேயே ஏற்றிவிடலாம்.

தேர்தல் முடிந்தால் சைன்களைப் பிடுங்குவதும் எங்கள் வேலை. சைன்களை ஏற்றும் வானை அருள்தாஸே ஓட்டினார். நான் தட்டாமல் விட்ட அந்த யூனியன்வில் தெருவின் மூலையில், பொது இடத்தில் நின்ற சைனைப் பிடுங்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார்.

"நீங்கள்தானே வீடியோவில சைன் அடிச்ச அண்ணை? நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். எல்லாருக்கும் ஷெயார் பண்ணினனான்."

"வோட் போட்டனீங்களோ?"

"உண்மையைச் சொன்னால், போகேல்லை. ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே. அவ்வளவு சனம் நிக்குது, என்ர ஒண்டு எதுக்கு எண்டு இருந்திட்டன்."

வானின் கண்ணாடி திறந்திருந்தது. அருள்தாஸ் இறங்கி வந்து அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னார். திரும்ப ஏறியதும் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இந்த வீட்டுக் கதவை நீங்கள் தட்டினனீங்களோ அண்ணை?"

"இல்லைத் தம்பி."

அவர் வானை எடுத்தார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நன்றி சொல்லி அவர் காலையில் போட்ட வீடியோவுக்கு இன்னும் இதயங்கள் வந்துகொண்டிருந்தன. பாரிஸ் அண்ணைதான் முதலில் போட்டிருந்தார்.

அருள்தாஸ் பிறகு நிற்கவில்லை. தேர்தல் வேலைக்கு வருகிறவர்கள் இப்போதும் போனை நீட்டி, எத்தனை பேர் பார்க்கிறார்கள் பாருங்கள் என்று எனக்குக் காட்டுகிறார்கள். நான் ஒன்றுதான் கேட்கிறேன்.

"எந்த ஸ்ட்ரீட்?"