உம்றாவுக்குப் போகுமுன் ஒரு வீடு

மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்படுபவர்கள் எங்கள் பக்கத்தில் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொறுத்துக்கங்க" என்று கேட்பார்கள். வீட்டுக்காரரும், "அல்லாஹ்வுக்காகப் பொறுத்திட்டம்" என்பார். பிறகு தேத்தண்ணி வரும். சென்ற மாதம் நானும் அப்படி வீடு வீடாக ஏறி இறங்கினேன். குடித்த தேத்தண்ணியில் வயிறு ஊதிப்போனது. கடைசியாக நிந்தவூரில் என்னோடு படித்தவளின் வீடு.

கல்முனையில் பஸ் ஏறியதுமே பள்ளிக்கூடக் காலம் முழுக்க மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. அப்பப்பா, என்ன காலம் அது! இடைவேளைக்கு உப்பும் தூளும் போட்ட மாங்காய், கடற்காற்றில் பறக்கும் வெள்ளைப் பர்தா, சிரித்துச் சிரித்தே விக்கல் எடுத்தது. வகுப்பில் நான்தான் பெரிய வாயாடி. அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அவளுக்குத் திக்குவாய். தமிழ்ப் பாடத்தில் அவள் வாசிக்க எழும்பினால், சொல் வெளியே வரும்வரை நான் கோடு கீறும் அடிமட்டத்தால் மேசையில் தட்டி எண்ணுவேன். பிறகு முழு வகுப்பும் தட்டும். டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பத்தாம் வகுப்பில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். கலியாணம் பேசிவிட்டார்களாம் என்று நாங்களே ஒரு கதை கட்டினோம்.

கதவைத் திறந்தவள் என்னை உடனே அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நான் வழக்கமான வசனத்தை ஒப்புவித்தேன்.

"தெ... தெரியாமச் செஞ்சதெல்லாம் பொறுத்திட்டன்," என்றாள். "தெரிஞ்சு செஞ்சது என்னெண்டு நீ சொல்லு புள்ள."

வேறு ஒரு வீட்டிலும் இப்படிக் கேட்கவில்லையே!

"நீ வாசிக்கக்குள்ள மேசையில தட்டினது. நான்தான் தொடங்கினன்," என்றேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"ஓம். எ... எனக்குப் படிக்க நல்ல விருப்பம். கலியாணமும் பேசல்ல, ஒண்டும் பேசல்ல. வாசிக்கச் சொல்லுவாங்க எண்ட பயத்திலதான் பள்ளிக்கு வராம நிண்டன். இப்பவும் மகள்ட பள்ளியில கூட்டமெண்டா உம்மாவைத்தான் அனுப்புறன்."

எனக்குப் பொறுக்கவில்லை, "அப்ப, இதையும் பொறுத்திட்டியா?" என்று கேட்டே விட்டேன்.

"பொய் சொல்ல ஏலா புள்ள," என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "நீ போயிட்டு வா. எனக்கு மனசு வரோணுமெண்டு அங்க நீயே அல்லாஹ்க்கிட்ட துஆக் கேளு."