நெருப்பு நிற்காத பட்டறை

மண்கும்பானில் எங்கள் வளவின் முன்பக்கத்தில் என் கணவரும் என் அண்ணையும் சேர்ந்து ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மச்சான்மார் என்றாலும் ஒருவரையொருவர் 'டா' போட்டுத்தான் பேசுவார்கள். குசினியில் நின்றபடியே வேலை எப்படிப் போகிறதென்று எனக்குத் தெரியும். நெருப்பு ஒழுங்காகப் பிடித்தால் வடை பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும்.

அந்த மாரியில், ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியின் தாங்கி ஒழுகுகிறதென்று கொண்டுவந்து விட்டார்கள். அப்போதுதான் சத்தம் பிசகியது. பொரியும், சட்டென்று நிற்கும். திரும்பத் தட்டிப் பிடிப்பார்கள். விரலளவு ஓடிவிட்டு அணைந்துவிடும். விட்டுவிட்டு ஒட்டிய பொருத்தில் ஊசித் துவாரங்கள் விழுந்தன.

"குச்சி நமத்துப் போச்சுடா. மாரியிலை திறந்து போட்டால் வேறை என்ன நடக்கும்?" என்றார் அண்ணை.

வெல்டிங் குச்சிகளைப் பார்ப்பது இவருடைய, அதாவது என் கணவருடைய, பொறுப்பு. அவற்றை என்னிடம் கொண்டுவந்து தந்தார். தோசைக்கல்லில் பரப்பிக் காயவைத்துக் கொடுத்தேன். சரிவரவில்லை. கரண்ட் குறைவோ என்று, பக்கத்து அரைக்கிற மில் ஓடாத நேரம் பார்த்துச் செய்தார்கள். அப்போதும் அதே கதை. தாங்கியின் துருவைச் சுரண்டி, இரும்பு மினுங்கும்வரை தேய்த்தும் பார்த்தார்கள்.

பவுசர் மறுபடி ஒழுகித் திரும்பி வந்த பின்னேரம், சாரதிக்கு முன்னாலேயே இவர் வாயை விட்டுவிட்டார்.

"நீ கொழும்பிலை ஏமாந்து வாங்கின பழைய மெசின்தானே! இப்பிடித்தான் நிக்கும்."

அண்ணை கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். கிணற்றடியில் கை கழுவினார். "வாறன் தங்கச்சி" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, இறுப்பிட்டியில் இருந்த தன் மனைவி வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் இவர் தனியாக மல்லுக்கட்டினார். தாங்கியோடு கொழுவுகிற எர்த் கேபிளை இழுக்கும்போது ஓரிடம் துணிபோலத் துவண்டு மடங்கியது. மேல் றப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்டிப் பார்த்தால், உள்ளே செப்புக் கம்பிகள் உப்புக்காற்றில் பச்சை பிடித்து இற்றிருந்தன. மிஞ்சிய சில நூல்கள் தொட்டால் நெருப்பு, விலகினால் இல்லை. பழுதை வெட்டி எறிந்து நுனியை இறுக்கினார். சத்தம் மறுபடி ஒரே சீராக வந்தது.

வேலை முடிந்ததும் குசினி வாசலில் வந்து நின்றார்.

"குச்சியும் இல்லை, மெசினும் இல்லையப்பா."

"போய் அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

சைக்கிளில் போனவர் தனியாகத்தான் வந்தார். என்ன நடந்தது என்று அன்றிரவு சாப்பிடும்போது சொன்னார்.

"பிழை என்ரைதான், வாடா எண்டு கேட்டனான். கதிரையைத் துடைச்சுப் போட்டுத் தேத்தண்ணி தந்தான். 'அதுக்கென்ன, இப்ப சரியாப் போச்சுத்தானே. இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ' எண்டான். 'இருங்கோ' எண்டான் என்னை."

அண்ணை பிறகு ஊர்காவற்றுறையில் வேறொருவரோடு சேர்ந்து வேலை செய்தார். எங்களோடு பகை என்று ஒன்றும் இல்லை. என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு வந்து, தாய்மாமன் செய்யவேண்டிய எல்லாவற்றையும் குறையின்றிச் செய்தார். அன்று விடியவே இவர் பட்டறையைக் கூட்டி, கதவை அகலத் திறந்து வைத்திருந்தார். சடங்கு முடிந்து போகும்போது அண்ணை அதைத் தாண்டித்தான் வாசல் படலைக்குப் போனார். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசி பஸ் எத்தினை மணிக்கு?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் சொன்னார்.