சுலைகா அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன்

போன மாதம் ஒரு மதியம், வேலைக்குப் போகிற பஸ் கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டும்போது என் போனில் அந்தச் செய்தி வந்தது. “ஹாய் கைஸ், சேட் நியூஸ். நம்ம ஜூல்ஸ் இனி இல்லை. மிஸ் யூ ஜூல்ஸ்.” கீழே அழுகிற பொம்மை மூன்று. யார் இந்த ஜூல்ஸ் என்று எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. வண்ணார்பேட்டையில் இறங்கி நின்றபோதுதான் மேலப்பாளையத்திலிருந்து சுலைகா அக்காவின் மகள் கூப்பிட்டாள். “பகவதி மாமி, உம்மா மௌத்தாயிட்டாவ. காலையில நெஞ்சு வலின்னாவ, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தாங்கல.” அப்போதுதான் ஜூல்ஸ் யாரென்று உறைத்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. இன்றைக்கு வரைக்கும் அந்த வரிசை மாறவில்லை.

அந்தச் செய்தியை அனுப்பியவன் எங்கள் மேலாளன் முத்துக்குமார். அவன் அக்காவுக்காக நடக்கிற இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மேலதிகாரியை, அதுவும் எதிரில் இருப்பவரை, ‘அவன் இவன்’ என்று எழுதி வாசிக்கிறாளே, இவளுக்கு என்ன திமிர் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பொறுங்கள். சார் போடக் கூடாது, எல்லாரும் சமம், பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவனே போட்ட உத்தரவு. நான் கீழ்ப்படிகிறேன், அவ்வளவுதான்.

சுலைகா அக்காவை இந்தத் தெருவில் தெரிந்தவர்களுக்கு எங்கள் வேலை தெரியாது. சொல்கிறேன். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஒரு பாய்லர் வைத்திருப்பார்கள். அது மக்கர் பண்ணினால் அவர்கள் கூப்பிடுகிற எண், வண்ணார்பேட்டையில் எங்கள் காதில் வந்து அடிக்கும். அங்கே காலை விடியும்போது இங்கே மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். எங்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைக்காரப் பேர் கொடுத்திருந்தார்கள். அக்கா மார்கரெட், நான் பெக்கி. அதற்கு முன்னால் அக்கா ஒரு பீடிக் கம்பெனியில் டெலிபோன் போர்டு பார்த்தவர். தலையில் முக்காடு, அதற்கு மேல் ஹெட்போன், கையில் ஒரு பேனா மூடி. பேசி முடிக்கும் வரை அதைத் திருகிக்கொண்டே இருப்பார்.

கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் தனியாக இருக்கும் கிழவர்களும் கிழவிகளும். முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம், “இரும்மா, டீ ஊத்திட்டு வந்துருதேன்” என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள். கெட்டில் கூவுவது எங்களுக்கு இங்கே கேட்கும். மிசஸ் ஹார்ட்லி என்று எண்பத்து நாலு வயது அம்மா ஒருவர். புருஷன் இறந்தவர். பாய்லர் நன்றாக ஓடும்போதும் கூப்பிடுவார். அக்காவும் அவரும் மாவு புளிக்கிற கதையிலிருந்து மருமகள் கதை வரை பேசுவார்கள்.

அந்த அம்மா சொல்லிச் சொல்லித்தான் அவர் நாடு மாறுகிற கதை எங்களுக்குத் தெரிந்தது. அவர் தெருவில் இருந்த டீக்கடை, வாளி மாதிரி பெரிய கோப்பையில் காபி விற்கிற அமெரிக்கக் கடையாகிவிட்டதாம். பேத்தி பள்ளிக்கூடம் முடிக்கிறாள் என்று நீளக் கார் வாடகைக்கு எடுத்து, கல்யாணப் பெண் மாதிரி கவுன் தைத்துப் பள்ளிக்கூட நடன விருந்துக்கு அனுப்பினார்களாம். “என் காலத்தில் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்” என்றார். நவம்பரில் அமெரிக்காவில் ஒரு நன்றிப் பண்டிகை வரும், அதற்கு மறுநாள் கடைகளில் தள்ளுபடி. அந்தப் பண்டிகை இங்கிலாந்தில் கிடையாது. தள்ளுபடி மட்டும் வந்துவிட்டது. ஜனங்கள் டிவிப் பெட்டிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் சொன்னபோது அக்கா என் பக்கம் திரும்பி, “கல்யாணமே நடக்காத வீட்டுல மறுவீட்டு விருந்து சாப்பிடுதானுவ பாத்தியாளா” என்றார். அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் பேய் முகமூடி மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்கள், வாசலெல்லாம் முகம் செதுக்கிய பூசணிக்காய் என்று அவர் புலம்ப, அக்கா பதறாமல் இங்கிலீஷில் சொன்னார்: “எங்க ஊர்ல வீடு கட்டும்போது அதைத்தான் தொங்கவிடுவோம் மேடம். திருஷ்டி கழியும். நல்லதுதான்.” அந்த அம்மா சிரித்த சிரிப்பு ஹெட்போனைத் தாண்டி எனக்குக் கேட்டது.

அப்புறம் எங்கள் கம்பெனியையே ஓர் அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. முத்துக்குமாரை ஆறு வாரம் அங்கே கூட்டிப்போய்ப் பழக்கி அனுப்பினார்கள். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை, போகும்போது “அக்கா, உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்” என்று கேட்டுவிட்டுப் போனவன், வரும்போது “ஹாய் கைஸ்” என்று வந்தான். தமிழில் அக்கா, அண்ணாச்சி கூடாது. போனில் மிஸ்டர், மிசஸ் கூடாது. யாராக இருந்தாலும் எடுத்த எடுப்பில் பேரைச் சொல்லி, ‘இன்னைக்கு எப்படிப் போகுது?’ என்று உற்சாகமாகக் கேட்க வேண்டும். பேச்சுக்குப் பேச்சு பேர் வர வேண்டும். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும், அதற்கு மார்க் போடுவார்கள். சுலைகா என்ற பேர் நீளமாக இருக்கிறதென்று அவனே ஜூல்ஸ் என்று சுருக்கினான். அக்கா அதற்கு ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மிசஸ் ஹார்ட்லியிடம் முதலில் அந்த முறையில் பேசியவள் நான்தான். “ஹாய் எடித்! இன்னைக்கு எப்படிப் போகுது?” என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார்: “அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் மிச்சம் இருந்தார். அவரும் போய்விட்டார். நீ யாரம்மா?” அழுதுகொண்டே போனை வைத்துவிட்டார். முத்துக்குமார் அந்தப் பதிவை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, எனக்கு முழு மார்க் கொடுத்து, கை தட்டச் சொன்னான். தட்டினோம். அக்கா மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஏளா, ஒருத்தர் பேரை அவுங்களா தரணும். நாம எடுத்துக்கிடக் கூடாது. அந்தம்மா வெள்ளக்காரியா இருந்தா என்ன, நம்ம உம்மா வயசு.”

அதன் பிறகு அக்கா யாரையும் பேர் சொல்லவில்லை. மார்க் குறைந்தது. எச்சரிக்கைக் கடிதம் இரண்டு வந்தது. “மூணாவது வரட்டும், சேத்து வச்சு பதில் சொல்லுதேன்” என்றார். அவர் பொறுமைசாலி என்று இங்கே சிலர் பேசினீர்கள். தப்பு. அக்கா பொறுமைசாலி இல்லை. சமயம் பார்க்கத் தெரிந்தவர்.

சமயம் கம்பெனியின் குடும்ப நாளில் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மண்டபம். முத்துக்குமார் தன் அப்பாவை அழைத்து வந்திருந்தான். சுடலைமுத்து அண்ணாச்சி, வாழைத்தார் வியாபாரி. எழுபத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. ஸ்ரீவைகுண்டம் கடைத்தெருவில் அவர் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருப்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு பேருக்கு மகன் அவரை அறிமுகம் செய்துகொண்டிருந்தான். அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டு நேராகப் போனார். உரக்கச் சொன்னார்: “ஹாய் சுடலை! இன்னைக்கு எப்படிப் போகுது, சுடலை?”

அண்ணாச்சி வடையைத் தட்டில் வைத்தார்.

“யாரு தாயி நீ? எம் பேரச் சொல்லுத?”

“மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி” என்று அக்கா கை குவித்தார். “எனக்கு நாக்கு கூசுது. ஆனா இது உங்க மவன் போட்ட சட்டம். உங்களைவிட மூத்த ஒரு அம்மா, புருசனைப் பறிகொடுத்தவுங்க, அங்கன இப்படிக் கூப்பிட்டதுக்கு அழுதாவ. அதுக்கு இங்கன எங்களைக் கை தட்டச் சொன்னாரு. உங்களுக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சிக்கிடணும்னு ஒருக்க கூப்பிட்டேன்.”

அண்ணாச்சி மகனைப் பார்த்தார். “லே, நெசந்தானா?”

“அப்பா, அது பிசினஸ்ப்பா. அமெரிக்கால எல்லாம் அப்படித்தான்...”

“லே, அழுதது அமெரிக்காக்காரியா?”

“இல்ல, இங்கிலாந்து. இப்ப அங்கயும் அதான்ப்பா...”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாப்பிடாமல் போய்விட்டார். அன்றைக்கு முத்துக்குமாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் அக்காவை வேலையைவிட்டு நீக்கினார்கள். காரணம் அமெரிக்கா இல்லை, அப்பா இல்லை. ‘இவர் குரலில் அன்பு இல்லை, வாடிக்கையாளர்கள் இவரிடம் பேச விரும்பவில்லை’ என்று கடிதம். பன்னிரண்டு வருஷம் குரலை விற்றுச் சாப்பிட்ட ஒரு மனுஷிக்கு எழுதுகிற எழுத்தா அது? அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு இந்த ஊரில் எந்த அலுவலகமும் அவருக்கு ஹெட்போன் கொடுக்கவில்லை.

இனி சொல்வது என் யோக்கியதை. அந்தக் கடிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள். வாடிக்கையாளர்களிடம் சுலைகா கடுமையாகப் பேசுவதைக் கேட்டேன் என்று எழுதியிருந்த தாளில், பக்கத்து இருக்கைக்காரியான நான் கையெழுத்துப் போட்டேன். பயம்தான். வேறென்ன? மறு வாரம் அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக அழுதேன். டீ போட்டுக் கொடுத்தார். “உனக்குப் பிள்ளைய இருக்கு, உம்மேல எனக்குக் கோவமில்ல” என்றார். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஆனா அவனை விடமாட்டேன். அஞ்சு வக்து தொழுகைக்கப்புறம் கேக்குத துஆலயும் அவன் பேரு உண்டு. வெறும் பேரைத்தான் சொல்லுதேன். அவனே கேட்டுக்கிட்டதுதான?”

மூன்று வருஷம் அப்படித் துஆ கேட்டார். அவன் பதவி உயர்ந்தது, கார் வாங்கினான். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகையால் மிச்ச வேலையை நான் செய்ய வேண்டியிருக்கிறது.

அக்கா இறந்த மறு வாரம் மிசஸ் ஹார்ட்லி கூப்பிட்டார். இந்த மூன்று வருஷமும் அவர் முதலில் கேட்கிற கேள்வி, “மார்கரெட் இருக்கிறாளா?” என்பதுதான். லீவில் இருக்கிறாள் என்று பொய் சொல்லியே ஓட்டினேன். அன்றைக்கு முடியவில்லை. “மிசஸ் ஹார்ட்லி, அவர் இறந்துவிட்டார். அவர் மார்கரெட் இல்லை, சுலைகா. நான் பெக்கி இல்லை, பகவதி” என்றேன். “உங்கள் ஊரில் அவளை எப்படிக் கூப்பிடுவீர்கள்?” என்றார். சொன்னேன். கெட்டிலெல்லாம் வைக்காமல், நிதானமாக, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்: “சுலைகா அக்கா.” பிறகு சொன்னார்: “அவளிடம் கொடுத்திருக்க வேண்டியது. உன்னிடம் கொடுக்கிறேன். நீ என்னை எடித் என்று கூப்பிடலாம்.” “சரி, மிசஸ் ஹார்ட்லி” என்றேன்.

அந்த அழைப்புக்கு மார்க் வந்தது. சைபர். வாடிக்கையாளரே கேட்டும் பேர் சொல்லவில்லை என்று காரணம் எழுதியிருந்தது. அந்தத் தாளை மடித்து என் பர்ஸில் வைத்திருக்கிறேன். சுலைகா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், அந்தப் பேனா மூடியும்தான்.

கடைசியாக இரண்டு காரியம். ஒன்று, என் சாட்சிக் கையெழுத்து பொய். இத்தனை பேர் முன்னால் அதை வாபஸ் வாங்குகிறேன். வேலை போனால் போகட்டும். இரண்டாவது, ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய் நானே அழைத்தேன். வருகிறேன் என்று சொன்னவர் வந்திருக்கிறார், பின்னால் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். அண்ணாச்சி, தயவுசெய்து முன்னால் வாருங்கள். அக்காவை வேலையைவிட்டு நீக்கிய அந்தக் கடிதம், அவர் மகள் கொடுத்தது, இதோ என் கையில். அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை.

முத்து, எழுந்து வா. உன் அப்பாவுக்கு நீயே வாசித்துக் காட்டு.