நாய் கவ்வி வந்த துணி

நாயே ஆகாது என்று இருந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு, அடடா என்ன பாசம் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். பாசம்தான். அந்தப் பாசத்தால் இன்னொரு வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்தது.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் போடியில் ஏற்றி, போடிமெட்டுக்கு மேலே கொண்டுபோய் விட்டு, சாயந்திரம் திரும்பக் கூட்டி வருவார். எங்கள் வீடு குரங்கணிக்குப் போகிற பாதையை ஒட்டி, சரிவு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்துச் சாயந்திரம் ஜீப்பிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். யாரோ தோட்டத்து ஏலக்காய் கொடுத்துவிட்டார்கள் போல என்று ஆசையாகப் போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு பெட்டை நாய். பின்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது. ஒரு பழைய சேலையைச் சுற்றி, சாக்கில் கட்டி, மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் யாரோ வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மெட்டுல டீக்கடைக்காரரு காட்டுனாரு. 'பாவம் சேட்டா, ரெண்டு திவசமாயிட்டு வெள்ளம் குடிச்சிட்டில்லா'ன்னு மலையாளத்துல சொன்னாரு. ரெண்டு நாளாத் தண்ணி கூடக் குடிக்கலயாம். விட்டுட்டு வர மனசு வரல" என்றார் இவர்.

"ஒமக்கு எதுக்குத்தான் மனசு வந்துச்சு? இருக்கிற சோலி போதாதுன்னு நாய் ஒண்ணு கேடா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் பால் ஊற்றி வைத்தேன்.

அந்தச் சேலை நாறியது. துவைத்துப் போடலாம் என்று இழுத்தால் விடவில்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாத பிராணி, பல்லால் அதைக் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. அது யாருடைய சேலையோ, அந்த மகராசி எங்கே இருக்கிறாளோ தெரியாது. வீசியவளின் வாசனையைத்தான் அது அப்படிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. சரி, கிட கழுதை என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கழுதை என்றுதான் கூப்பிட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

கால் கூடியது, ஆனால் நொண்டல் போகவில்லை. சேலை நைந்து போய் நூலாகிவிட்ட பிறகுதான் அதன் கிறுக்கு ஆரம்பித்தது. துணி எங்கே கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். என் உள்பாவாடை, இவருடைய கைலி, வேலைக்காரப் பெண்கள் ஜீப்பில் மறந்துவிட்டுப் போன தலைத்துண்டு, எதையும் கிழிக்காது. ஜீப் கொட்டகையில் ஒரு மூலையில் சேர்த்து வைத்து, தாடையை அதன்மேல் வைத்துப் படுத்துக்கொள்ளும். திட்டினால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் இன்னொரு துணியை எடுத்து வந்து என் காலடியில் போடும். லஞ்சம்! இடி இடித்தால் குளியலறைக்குள் ஓடிப் போய், காலி வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும். உடம்பு முழுக்க வெளியே நடுங்கும், தலை மட்டும் பத்திரம். இவர் உடம்பில் ஏலக்காய் வாசம் தூக்கலாக இருக்கிற நாளில் வரிசையாகத் தும்மும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தத் தும்மலைக் கேட்பதற்காகவே நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்கு அடுத்தது ஒரே வீடுதான். அங்கே ஒரு விதவை மதினி, ஒரு கறவை மாட்டை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். கொடியில் காயும் அவருடைய துணியும் மாதத்தில் இரண்டு தடவையாவது எங்கள் கொட்டகைக்கு வந்துவிடும். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால், "வா ஆத்தா, ஒம் மக சீர் கொண்டாந்துட்டாளா?" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். அந்தச் சிரிப்புத்தான் எங்கள் கண்ணை மறைத்தது.

இனி ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மேலே சரிவில் வாழையும் மரவள்ளியும் போட்டிருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றியால் பெரும் நாசம். ஒரே ராத்திரியில் ஒரு வருஷப் பாட்டைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காகச் சிலர் வாழைப்பழத்துக்குள் நாட்டுவெடியை ஒளித்து வைப்பார்கள். கடித்ததும் வெடிக்கும். அவுட்டுக்காய் என்று பேர், நாங்கள் சும்மா காய் என்போம். சட்டப்படி பெரிய குற்றம், பிடித்தால் ஜெயில்தான். அதனால் வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். காய் வைக்கிற அன்றைக்குப் பாதை முகப்பில் இருக்கிற மரத்தில், ஆள் உயரத்துக்கு, இரண்டு முடிச்சுப் போட்ட கைலிக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். துணி தொங்குகிற வரைக்கும் அந்தப் பக்கம் ஆளும் போகாது, மாடும் போகாது. காயைத் திரும்ப எடுத்த பிறகுதான் துணியை அவிழ்ப்பார்கள். துணி கட்டியிருந்தும் யாராவது மாட்டை விட்டால், அது மாட்டுக்காரர் தப்பு, மூச்சுவிடக் கூடாது. துணி கட்டாமல் காய் வைத்தவனை மட்டும் ஊர் விடாது. அவன் வீட்டோடு தண்ணி புழங்க மாட்டார்கள், போலீசுக்கும் காட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

போன ஐப்பசியில் அப்படி ஒரு நாள். ராத்திரி பெய்த மழை விட்டு, காலையில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூட்டம். எங்களுக்கு நேர் மேலே தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருத்தன் முந்தின சாயந்திரம் காய் வைத்திருக்கிறான். சொந்தத் தம்பி இல்லை, அக்கா அக்கா என்று கூப்பிடுகிற பையன், முப்பது வயது இருக்கும், கல்யாணமானவன். மூட்டத்தில் காலை வைக்கப் பயந்து, வெயில் வரட்டும், துணிதான் தொங்குகிறதே என்று காயை எடுக்காமல் வீட்டில் இருந்துவிட்டான்.

ஏழு மணி வாக்கில் கழுதை சரிவிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கி வந்தது. வாயில் ஒரு துணி, சேறும் ஈரமுமாக உருண்டு திரண்டு கிடந்தது. நான் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். "எவன் கோவணத்தடி இது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அது தன் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒன்பது மணிக்கு, மேலே சரிவில் 'டப்' என்று ஒரு சத்தம். அப்பாடா, பன்றி ஒன்று தொலைந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்தாற்போல ஒரு கதறல் வந்தது. பன்றியின் குரல் இல்லை.

மதினியின் மாடு. ஏழு மாதச் சினை. பாதையில் துணி இல்லாததைப் பார்த்துத்தான் மேய அவிழ்த்துவிட்டிருக்கிறார். அது மூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்து தன் கொட்டத்து வாசலிலேயே நின்றது. கீழ்த்தாடை இல்லை. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். போடியிலிருந்து மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு முடிக்க மத்தியானம் ஆனது. அதுவரை மதினி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போயிரு ஆத்தா, வெரசாப் போயிரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நடுவில் ஒரு தடவை தண்ணீர் எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். கொட்டகையைக் கடக்கும்போது கண்ணில் பட்டது. கழுதையின் தாடைக்கு அடியில் கைலிக் கிழிசல். சேறு காய்ந்து உதிர்ந்த இடத்தில் இரண்டு முடிச்சு.

ஐயோ, பாதை முகப்பு மரத்தில் கட்டியிருந்த துணி. ஆள் உயரத்தில் கட்டினதுதான், ஆனால் அந்த மரத்துக்குப் பின்னால் மண் மேடு ஒன்று இருக்கிறது. மேட்டில் ஏறி நின்றால் கிளை நாய்க்கு மூக்குக்கு நேரே வரும். அதற்கு முந்தின கோடையில்தான் ஆட்டைக் கடித்த நாய் ஒன்றை ஊர் கூடிக் கல்லால் அடித்து முடித்தார்கள். ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் துணியை உருவினேன். அது உறுமவில்லை, வாலை ஆட்டிக் கொடுத்தது. அடுப்பில் திணித்து, ஈரத்துக்கு எரியாமல் புகைந்ததை மண்ணெண்ணெய் விட்டு எரித்தேன்.

சாயந்திரம் அந்தத் தம்பி எங்கள் வாசலில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"துணி கட்டுனேன்க்கா. பெத்த தாய் மேல சத்தியமாக் கட்டுனேன். அவுந்து விழுந்திருந்தாலும் அங்கனதானக்கா கெடக்கணும்? ஒரு எடம் விடாமத் தேடிட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "ஒங்க நாயி துணி கிணி தூக்கும்னு மதினி சொல்லிக்கிட்டு இருக்குமே..."

"ஆள் ஒசரத்துல கட்டுனேங்கிற. இந்த நொண்டிக் கழுதைக்கு அது எட்டுமாப்பா?" என்றேன்.

அவன் குனிந்து அதன் காலைப் பார்த்தான். "அதுவும் சரிதான்க்கா" என்றான். அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "ஒண்ணு செய்வோம். நாயக் கொண்டுபோய் மெட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துர்றேன். அப்புறம் உள்ளதச் சொல்லிருவோம்" என்றார்.

"மறுபடியும் சாக்குல கட்டப் போறீரா?"

"அப்ப நீயே பாத்துக்க" என்று எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

மறுநாளே ஊர் தன் வேலையைக் காட்டியது. அந்தத் தம்பியின் பெண்டாட்டி பொதுக் குழாய்க்கு வந்தபோது மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். "துணி கட்டாம காய் வச்சவன் வீட்டுக்குத் தண்ணி ஒண்ணுதான் கேடு" என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். அவள் காலிக் குடத்தோடு திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் அவர்கள் வீட்டுக் கூரையில் புகை வரவில்லை. மதினி போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று பேச்சு வந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், வந்தது வரட்டும் என்று மதினி வீட்டுக்குப் போனேன். கொட்டம் கழுவி வெறுமையாகக் கிடந்தது. அவர் காடித் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். நாய்தான் எடுத்தது, நான்தான் எரித்தேன், அவன் கட்டியது நிசம்.

அவர் அழவில்லை. என்னை அடிக்கவும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன மதினி தெரியும்?" என்றேன்.

"அன்னைக்குக் காலையில ஒம் மக எங்க வாசலத் தாண்டித்தான் போச்சு. வாயில துணி. ஏண்டி, இன்னைக்கு எவன் வீட்டுச் சீருன்னு கேட்டுச் சிரிச்சேன். ஒரு எட்டு வச்சு அத வாங்கிப் பாத்திருந்தா நான் மாட்ட அவுத்திருப்பேனா?"

"பெறகு ஏன் மதினி அவன் மேல..."

"பெறகு யாரு மேல போடச் சொல்ற? எம் மேலயா? மூதேவி, சிரிச்சே மாட்டக் கொன்னுட்டான்னு ஊரு சொல்லும். எனக்கே ராப்பகலா அதான் கேட்டுக்கிட்டு இருக்கு." சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "காய் வச்சவன் அவன்தான? நாயா வச்சுச்சு? நீயா வச்ச? நீயும் பேசாத, நானும் பேசல. ஒனக்கு ஒம் மக மிஞ்சுவா."

உள்ளதைச் சொல்லிவிடத்தான் போனேன். சொல்லியும் ஆயிற்று. அத்தோடு நேரே மேலே ஏறி அந்தத் தம்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் சொன்னதில் எனக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. காய் வைத்தது அவன்தானே, குற்றம் குற்றம்தானே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. சரி மதினி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஜீப் மேலே ஏறிப் போனது. திரும்பி வரும்போது எதிரே எஸ்டேட் ஜீப் ஒன்று வர, வழி விடுவதற்காக எங்கள் வாசலில் ஒதுங்கி நின்றது. பின்னால் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே ஓடியிருக்கலாம், ஓடவில்லை. கழுதை என் சேலையை உரசிக்கொண்டு நின்று, தெரிந்த முகத்தைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

"அக்கா" என்றான். "காய் வச்சது தப்புத்தான்க்கா, நான் இல்லங்கல. ஆனா துணி கட்டுனேன். ஊரே பொய்யிங்குது. எம் பொண்டாட்டியே கட்டுனீங்களா, நெசமாக் கட்டுனீங்களான்னு கேக்குறா. நீங்களாச்சும் என்னய நம்புறீங்களாக்கா?"

"நம்புறேன்ப்பா" என்றேன்.

"அது போதும்க்கா" என்று, ஜீப் கிளம்பும்போது, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.